பழைய படகும் பழகிய யந்திரமும்

தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தல் தகாது என்பது நம் நாட்டு வழக்கு. அவ்வழக்கின் மறுபுறத்தை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். விலைகொடுத்து வாங்கும் மாட்டின் பல்லைக் கட்டாயம் பார்த்தே தீரவேண்டும் என்பதே அம்மறுபுறம். சந்தைக்குச் செல்லும் உழவன் பல்லையும் குளம்பையும் சுழியையும் நடையையும் நோக்கிய பின்னரே துண்டுக்குள் விரல்பிடித்து விலை பேசுகிறான். மாட்டுக்கு உள்ள இவ்விதி யந்திரத்துக்கும் உண்டென்பதை யாம் ஒருமுறை மறந்தோம். அம்மறதியின் பயனை எம்மினும் பிறரே மிகுதியாக அனுபவித்தனர். அதனால் யாம் கற்றவற்றை நம் கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடற்கரை ஊர்களிலிருந்து வந்து நம் வகுப்புக்களில் அமர்வோர் பலர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் நம் கரையோரங்களில் கட்டிக் கொடுக்கப்பெற்ற ஃபைபர் படகுகள் அநேகம். அவற்றுள் எஞ்சியிருப்பவை இன்று இருபது வயதைத் தொட்டனவாம். படகின் உடல் இன்னும் உறுதியாயிருக்க, அதனை உந்திச் செல்லும் யந்திரமோ அதற்கு முன்னரே தளர்ந்துவிடுகின்றது. புதிய யந்திரத்தின் விலை சிறு குடும்பத்துக்கு எட்டாதது. ஆதலின், பிறர் பயன்படுத்திய யந்திரத்தை வாங்கிப் பழைய படகில் பூட்டுதல் இயல்பாகின்றது. அதில் தவறொன்றும் இல்லை; தேர்ந்தெடுக்கும் முறையிலேதான் நன்மையும் தீமையும் உள்ளன.

படகின் வயிற்றுக்குள் அமையாமல், பின்புறப் பலகையின்மேல் வெளியே தொங்கும் யந்திரத்தையே அவுட்போர்டு என்கிறோம். அதற்குத் தலை, கால், பாதம் என மூன்று பகுதிகள் உண்டென்று கொள்ளலாம். மேல்மூடிக்குள் எரிபொருளை எரித்துச் சக்தியை உண்டாக்கும் பகுதி தலை. அச்சக்தியைக் கீழே கொண்டுசெல்லும் தண்டு நிற்பது கால். பற்சக்கரங்களும் விசிறியும் அமைந்து நீருக்குள் மூழ்கியிருப்பது பாதம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் என்பார் 1909-ஆம் ஆண்டில் ஒன்றரைக் குதிரைச்சக்தி கொண்ட இத்தகைய யந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தார். அவருக்கு முன்னும் சிலர் முயன்றனராயினும், அதனைப் பொதுமக்களின் கைக்கு எட்டச் செய்த பெருமை பெரும்பாலும் அவரையே சாரும். நம் கரையோர் நன்கறிந்த ஜப்பானிய யந்திரங்களுள் யமஹா 1960-ஆம் ஆண்டிலும், சுஸுகி 1965-ஆம் ஆண்டிலும் தோன்றின.

இனி, எம் தவற்றைக் கூறுவோம். நம் கல்லூரியில் பயின்ற இளைஞர் ஒருவர், தூத்துக்குடிக்கு அண்மையில் உள்ள கடற்கரை ஊரினர், தம் தந்தையாரின் ஃபைபர் படகுக்கு யந்திரம் தேடினார். பௌதிகம் கற்பிக்கும் எமக்கு யந்திரத்தின் குணமும் தெரியும் என்று நம்பி எம்மையும் உடனழைத்தார். தரகர் ஒருவரது கொட்டகையில் 25 குதிரைச்சக்தியுள்ள யந்திரம் ஒன்று புதுவர்ணத்தோடு பளபளத்தது. யாங்கள் சென்றபோதே அது நீர்த்தொட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. ஓசை சீராக இருந்தது. விலையும் குறைவாக இருந்தது. "எடுத்துக்கொள்ளலாம்" என்று கூறினோம். அச்சொல்லுக்காகக் கடன்பட்டு அக்குடும்பம் பணம் கொடுத்தது.

மூன்றாம் வாரத்தில், கரையிலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவில், அவ்வியந்திரம் சூடேறிப் பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. படகில் இருந்தவர் அவ்விளைஞரின் தம்பியும் மற்றொருவரும். மேல்காற்றாகிய கச்சான் படகைக் கரையினின்றும் அகற்றிக்கொண்டே சென்றது. கைப்பேசிக்கு அங்கே தொடர்பு கிட்டவில்லை. மறுநாள் விடிந்த பின்னரே வேறொரு படகினர் கண்டு கட்டியிழுத்து வந்தனர். உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் அவ்விரவு முழுவதும் அவர்களுடைய தாயார் ஒரு சொல்லும் பேசாது மணலில் நின்ற நிலையை யாம் மறத்தல் இயலாது.

பின்னர் அவ்வூரில் யந்திரப் பழுது நீக்கும் முதியவர் ஒருவர் மேல்மூடியைக் கழற்றினார். சிலிண்டர் தலையிலிருந்த புதுவர்ணத்தை நகத்தால் சுரண்டினார். அதன் கீழே பழைய வர்ணம் வெந்து கொப்பளித்திருந்தது. "வாத்தியாரையா, இது முன்னமே ஒருதரம் வெந்த யந்திரம். நீங்கள் சட்டையைப் பார்த்தீர்கள், உடம்பைப் பார்க்கவில்லை" என்றார். சினமின்றி அவர் கூறிய அம்மொழி எமக்குச் சவுக்கடியினும் உறைத்தது. அடுத்த யந்திரத்தைத் தேடுகையில் யாம் அவருக்கு மாணாக்கர் ஆனோம். கீழே கூறுவன பெரும்பாலும் அவர் கற்பித்தவையே. காரணங்களை மட்டும் யாம் சேர்த்துள்ளோம்.

முதலில் ஆராய வேண்டுவது யந்திரம் அன்று, படகே. ஃபைபர் படகின் பின்புறப் பலகைக்குள் பெரும்பாலும் மரப்பலகை புதைந்திருக்கும். ஆணித்துளைகளின் வழியே நீர் புகுந்து, வெளித்தோற்றம் கெடாமலே உள்ளிருக்கும் மரம் மட்கிவிடக்கூடும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும்: நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும், மட்கியது மந்தமாக ஒலிக்கும். பழைய யந்திரம் இன்னும் பூட்டியிருந்தால், அதன் பாதத்தைப் பற்றி முன்னும் பின்னும் அசைத்தால், உறுதியற்ற பலகை வளைந்து காட்டும். அத்தகைய பலகையைச் செப்பனிடாமல் எத்துணைச் சிறந்த யந்திரத்தைப் பூட்டினும் அது ஒருநாள் கடலுக்குள் செல்வது திண்ணம்.

அடுத்தது உயரம். பலகையின் மேல்விளிம்பு முதல் படகின் அடிவரை அளந்துகொள்ள வேண்டும். யந்திரங்கள் பெரும்பாலும் 15 அங்குலப் பலகைக்கும் 20 அங்குலப் பலகைக்கும் ஏற்றவாறு இருவகைக் கால்களோடு வருகின்றன; பெரிய படகுகளுக்கு 25 அங்குலமும் உண்டு. விசிறிக்கு மேலே கிடையாக உள்ள தகடு படகின் அடிமட்டத்தோடு ஒத்தோ சற்றுத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். கால் குட்டையானால் விசிறி காற்றை விழுங்கி வீணே சுழலும். நெட்டையானால் நீரின் தடை மிகுந்து எரிபொருள் விரயமாகும்.

மூன்றாவது சக்தி. குதிரைச்சக்தி மிகுந்தால் வேகம் மிகும் என்று கருதுவோர் பலர். யாமும் அவ்வாறே கருதினோம். நீரைப் பிளந்து செல்லும் கனத்த படகுக்கு, அது தானே எழுப்பும் அலையே ஒரு வேலியாகிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அவ்வேலியின் எல்லை மணிக்கு இத்தனை கடல்மைல் என்று ஏறக்குறையப் புலப்படும். 25 அடிப் படகுக்கு அது 6.7 கடல்மைல். வலையும் மீனும் ஏற்றிய படகை அவ்வெல்லைக்கு மேல் செலுத்த முயன்றால் எரிபொருள் பன்மடங்கு செலவாகுமேயன்றி வேகம் சிறிதே கூடும். ஆதலின் படகுக்கும் தொழிலுக்கும் வேண்டிய சக்தியைக் கணித்து, அதற்குமேல் சிறிது மட்டும் கையிருப்பாக வைத்துக்கொள்ளுதலே அறிவுடைமையாகும்.

யந்திரத்தின் இனத்தையும் நோக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் எனப்படும் ஈர்வீச்சு யந்திரத்தில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிறோம். பலவற்றில் 50 பங்குக்கு 1 பங்கு என்பது அளவு. ஆயினும் அந்தந்த யந்திரத்துக்குரிய அளவையே பின்பற்ற வேண்டும். அது எடை குறைந்தது, உறுப்புக்கள் சில, கரையிலேயே பழுது நீக்கலாம். ஆனால் பழைய கார்ப்பரேட்டர் அமைப்புடையவற்றில் எரிபொருளின் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் என்னும் நால்வீச்சு யந்திரம் எரிபொருளைச் சிக்கனமாகக் குடிக்கும். ஓசையும் புகையும் குறைவு. ஆயினும் அது கனமானது. 40 குதிரைச்சக்தியில் ஈர்வீச்சு யந்திரம் ஏறக்குறைய 70 கிலோ எடையுள்ளதானால், நால்வீச்சு யந்திரம் 100 கிலோவை நெருங்கும். பழைய படகின் பின்புறம் அவ்வெடையால் தாழ்ந்து, பின்வரும் அலை உள்ளே புகாதா என்பதை முன்னரே சிந்தித்தல் வேண்டும். பெட்ரோலில் புறப்பட்டு, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடும் யந்திரங்களும் உண்டு. நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றினாலன்றி அடுத்தமுறை அவை எளிதில் உயிர்பெறா. பிளக்குகளிலும் கரி விரைவில் படியும்.

இனி, யந்திரத்தைச் சோதிக்கும் முறைக்கு வருவோம். நாம் செல்லும்போது யந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும். இதுவே முதல் விதி. ஏற்கெனவே சூடேறிய யந்திரம் எளிதில் புறப்படும்; குளிர்ந்த யந்திரமே தன் நோயை மறைக்காது காட்டும். தலைமேல் கை வைத்துப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் மறுநாள் வருவதாகக் கூறித் திரும்பிவிட வேண்டும். எம்மை முதலில் வீழ்த்தியது இவ்விதியை அறியாமையே.

இரண்டாவது, மேல்மூடியை அகற்றி உப்பின் அடையாளங்களைத் தேட வேண்டும். வெண்மையான உப்புப் பூத்திருத்தல், திருகாணிகள் அரிக்கப்பட்டிருத்தல் ஆகியவை உப்புநீரின் தாக்கத்தைக் காட்டும்; சிலிண்டர் தலையில் வர்ணம் கொப்பளித்திருத்தல் குளிரூட்டும் நீர் சரியாக ஓடாமையைக் குறிக்கும். பாதத்தின் அருகே ஒரு துத்தநாகக் கட்டி பொருத்தப்பட்டிருக்கும். தான் அரிக்கப்பட்டு, மற்ற உலோகத்தைக் காப்பது அதன் கடமை. அது பாதி தேய்ந்திருந்தால் கடமையைச் செய்துவந்தது என்க. முற்றும் தேய்ந்தும் மாற்றப்படாதிருந்தால் உடையவரின் அசட்டை தெரியும். அதன்மேல் வர்ணம் பூசியிருந்தால் அது செயலற்றது என்பதோடு, பூசியவரின் அறியாமையும் வெளிப்படும்.

மூன்றாவது, பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இளம்பழுப்பு நிறம் நல்லது. துருவோ நீர்த்துளியோ இருந்தால் உள்ளே நீர் புகுகின்றது. பின்னர், பிளக் கம்பிகளை யந்திர உடலோடு இணைத்து, காற்றுவழியை முழுதும் திறந்து, அழுத்தமானியைப் பிளக் துளையில் திருகிக் கயிற்றைச் சில தடவை இழுத்தால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் தெரியும். இங்கே எண்ணின் பெருமையைவிட ஒற்றுமையே முக்கியம். ஒன்றில் சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டும் மற்றொன்றில் 85 பவுண்டும் காட்டினால் அந்த யந்திரத்தை விட்டுவிடலாம். சிலிண்டர்களுக்கிடையே நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேற்றுமை இருத்தல் கூடாது. மண்ணெண்ணெய் யந்திரங்களில் அழுத்தம் இயல்பாகவே குறைந்திருக்கும். அவற்றைப் பெட்ரோல் யந்திரத்தோடு ஒப்பிடுதல் தவறு.

நான்காவது, பாதத்தின் எண்ணெய். கீழ்த்திருகாணியைச் சற்றே தளர்த்திச் சில துளி எண்ணெயை விரலில் ஏற்க வேண்டும். யந்திரம் இரவு முழுதும் அசையாது நின்றிருந்தால் புகுந்த நீர் அடியில் தங்கி முதலில் வெளிவரும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அடைப்பு வளையங்கள் கெட்டுள்ளன, அதனை மாற்றிவிடலாம். உலோகத் துணுக்குகள் வந்தால் பற்சக்கரங்களே தேய்கின்றன, அது பெருஞ்செலவு. விசிறியைக் கையால் சுழற்றி, அதன் தண்டு வளைந்து ஆடுகின்றதா என்றும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, பாதத்தை நீரில் மூழ்கவைத்து யந்திரத்தை ஓட்ட வேண்டும். நீரின்றி ஓட்டினால், நீரிறைக்கும் ரப்பர்ச் சக்கரம் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். ஓடும்போது பின்புறத்துச் சிறுதுளையிலிருந்து நீர்த்தாரை தடையின்றிப் பாய வேண்டும். பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் ஓட்டி, முன்கதி, நடுநிலை, பின்கதி ஆகியவற்றில் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். எம் யந்திரம் நின்றதும் அந்த ரப்பர்ச் சக்கரம் நைந்துபோனதனாலேயே. கொட்டகையில் யாம் ஓசையைக் கேட்டோமேயன்றி நீர்த்தாரையை நோக்கினோமில்லை. சில நூறு ரூபாயில் மாற்றத்தக்க ஓர் உறுப்பை நம்பியே இரண்டு உயிர்கள் கடலில் இருந்தன.

யந்திரத்தைக் கேட்ட பின்னர் உடையவரையும் கேட்க வேண்டும். எப்போது வாங்கினார், எங்கே ஓட்டினார், யார் பழுது பார்த்தார், எக்காலத்திலாவது கடல்நீரில் மூழ்கியதா என்று வினவுக. மூழ்கிய யந்திரத்தை அன்றே நன்னீரால் கழுவி எண்ணெய் இட்டு ஓட்டியிருந்தால் பிழைத்திருக்கும். காற்றில் உலரவிட்டிருந்தால் உள்ளே துரு வேலை செய்துகொண்டேயிருக்கும். கணிப்பொறி அமைந்த புதிய யந்திரங்களில் அது ஓடிய மணிகள் பதிவாகியிருக்கும். அவற்றை நிறுவனப் பணியாளரைக் கொண்டு படித்தறியலாம். யந்திரத்தின் தொடர் எண்ணும் ரசீதிலுள்ள எண்ணும் ஒத்திருத்தல் வேண்டும். எண்ணைச் சுரண்டியிருந்தால் விலை எத்துணைக் குறைவாயினும் தொடவேண்டா. அது வேறொரு குடும்பத்தின் பிழைப்பாக இருத்தல் கூடும்.

உதிரி உறுப்புக்கள் கிடைக்குமா என்பதும் சிறு வினா அன்று. முன்னோடியான எவின்ரூட்டின் பெயர் தாங்கிய யந்திரங்களின் உற்பத்தியே 2020-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. பெரும்பெயரும் நிலையன்று. நம் கரைக்கு அண்மையில் உறுப்பு விற்போரும் பழுது நீக்குவோரும் உள்ள யந்திரமே நமக்குச் சிறந்த யந்திரம்.

இவற்றிலெல்லாம் தேறிய பின்னர், கூடுமாயின் நம் படகிலேயே பூட்டி, வழக்கமான பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். முழுவேகத்தில் சுழற்சி எண்ணிக்கை அந்த யந்திரத்துக்கு விதித்த எல்லைக்குள் நிற்பது அவசியம். அதனை எட்டாவிட்டால் விசிறியின் சாய்வு மிகுதி, மீறினால் குறைவு. சாய்வில் ஓர் அங்குலம் மாற்றினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 சுற்றுக்கள் வரை மாறும். யந்திரம் இரைந்தும் படகு நகராதிருந்தால் விசிறியின் நடுவேயுள்ள ரப்பர் வழுக்குகின்றதென்று அறிக.

வாங்கியவுடன் செய்ய வேண்டுவனவும் உள. நீரிறைக்கும் சக்கரம், பிளக்குகள், பாதத்து எண்ணெய், எரிபொருள் வடிகட்டி ஆகியவற்றைப் பழையவை நன்றாயிருப்பினும் மாற்றிவிடல் வேண்டும். இந்நாளில் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுதலால் பழைய ரப்பர்க் குழாய்கள் கெடக்கூடும்; அவற்றையும் மாற்றுக. இச்செலவை விலையோடு கூட்டிக் கணக்கிடாதவன் விலையைக் கணக்கிட்டவன் ஆகான். நாள்தோறும் கரை சேர்ந்தபின் நன்னீர் செலுத்திக் கழுவுதலும், படகில் துடுப்பும் நங்கூரமும் மாற்றுப் பிளக்கும் வைத்திருத்தலும் ஒருபோதும் தவறலாகா.

எம் நண்பர் இரண்டாம் முறை வாங்கியது 10 குதிரைச்சக்தியுள்ள ஈர்வீச்சு யந்திரம். அதன் வர்ணம் மங்கியிருந்தது. மேல்மூடியில் ஒரு கீறலும் இருந்தது. ஆயினும் குளிர்ந்த நிலையில் இரண்டாம் இழுப்பிலேயே புறப்பட்டது. இரு சிலிண்டர்களும் 95, 92 பவுண்டு காட்டின. துத்தநாகக் கட்டி பாதி தேய்ந்திருந்தது. விற்றவர் வயது முதிர்ந்து தொழிலை விட்ட மீனவர். ஒவ்வொரு பழுதையும் எப்போது நீக்கினார் என்று சிறு நோட்டுப்புத்தகத்தில் குறித்து வைத்திருந்தார். அந்த யந்திரம் இப்போது நான்காம் ஆண்டாக அப்படகை இழுத்துச் செல்கின்றது. நாள்தோறும் கரை சேர்ந்தபின் அதனைக் கழுவுபவர் அன்றிரவு கடலில் மிதந்த தம்பியே.

பழைய யந்திரத்தை வாங்குவோர் உண்மையில் வாங்குவது இரும்பை அன்று. முன்னே அதனை ஆண்டவரின் ஒழுக்கத்தையே வாங்குகின்றனர். வயது யந்திரத்தைக் கெடுப்பதினும் அசட்டை விரைந்து கெடுக்கும். நூலறிவுடையோம் என்னும் எண்ணத்தால் நீர்த்தாரையை நோக்காது விட்ட யாம், நகத்தால் வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்த முதியவரிடம் கற்ற பாடம் இதுவே. கல்லூரியில் கற்றதைக் கரைக்குக் கொண்டுசெல்லும் நம் மாணவர், அங்கே கற்பிக்க வல்லோரும் உளர் என்பதை நினைவிற் கொள்வாராக.